ஜிம் தோர்ப் ஊரில் ஜிம் தோர்ப்

அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைப்பக்கம், நிறம் மாறிய இலை பார்க்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் ஜிம் தோர்ப் ஊரில்தான் வந்து குவிகிறார்கள். லீஹை ஆற்றங்கரையில், மலைச்சரிவில் நெருக்கியடித்துக் கட்டிய ஊர். கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. கூட்டமெல்லாம் பழைய ரயிலுக்கும் அந்தக் கால ரயில்வே முதலாளி ஏசா பேக்கரின் மாளிகைக்கும். ஊருக்குப் பெயர் தந்தவரைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், 903ஆம் எண் சாலையோரம், செந்நிற கிரானைட் கல்லறையில் இருக்கிறார்.

"உலகின் தலைசிறந்த விளையாட்டு வீரர் நீங்கள்தான்" என்று ஸ்வீடன் மன்னர் சொன்னதாக வழங்கும் வாசகம் கல்லில் இருக்கிறது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டாத்லான் (ஐந்து தடகளப் போட்டிகள் சேர்ந்தது), டெகாத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய தோர்ப்தான் பெரிய ஆள்.

ஓக்லஹோமாவில், சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியில் பிறந்தவர். படித்தது கார்லைல் பள்ளி, பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியை மறக்கடித்த பள்ளி. அதன் ஃபுட்பால் அணி 1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை, ஹார்வர்டின் மைதானத்திலேயே 18-15 என்று வீழ்த்தியது. காலில் கட்டுடன் ஆடிய தோர்ப் நான்கு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் கோல்) அடித்தார். அடுத்த வருடம் ராணுவ அகாடமியை 27-6 என்று சாய்த்தார்கள். எதிரணியில் அன்று தோர்ப்பை மடக்கத் திணறிய இளைஞர்களில் ஒருவர் ஐசன்ஹோவர், ஆம், பின்னாளில் அதிபரானவரேதான்!

காசுக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை; பேஸ்பால் ஆடிச் சொற்பக் காசு வாங்கியிருந்தார் என்று 1913இல் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1915இல் ஓஹியோவின் கான்டன் நகரத்து ஃபுட்பால் அணியான கான்டன் புல்டாக்ஸ், ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. 1920இல் கான்டனில் ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசி, அமெரிக்கன் ஃபுட்பாலின் தேசிய லீகான இன்றைய என்எஃப்எல்லின் முன்னோடிச் சங்கத்தைத் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். நிர்வாகத்துக்காக அல்ல, பெயருக்காக. இரண்டே வருடத்தில் ஓஹியோவில் நாய் வியாபாரி ஒருவர், தன் ஏர்டேல் நாய்களுக்கு விளம்பரமாக முழுக்கப் பழங்குடி வீரர்களைக் கொண்டு நடத்திய ஊராங் இந்தியன்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் நாய்கள் வித்தை காட்டும். சங்கத்தின் தலைவராக இருந்தவருக்கு இந்த நிலைமை!

1953இல் கலிஃபோர்னியாவில் வறுமையில் இறந்தார். ஓக்லஹோமாவில் குலமுறைப்படி சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது மனைவி வந்து உடலை எடுத்துப் போய்விட்டார். நிலக்கரித் தொழில் படுத்துப்போய்த் தவித்த மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்ற இரண்டு ஊர்கள், அவர் வாழ்ந்தேயிராத இரண்டு ஊர்கள், ஒன்றாகிப் பெயரை மாற்றிக்கொண்டு அவரை வாங்கிக்கொண்டன. ஓக்லஹோமா மண்ணையும் ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணையும் கொண்டுவந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள்.

அப்பாவின் உடலை ஓக்லஹோமாவுக்கே கொண்டுபோக வேண்டும் என்று மகன்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் வென்று, 2014இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். மறுவருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. பதக்க விஷயத்தில் மட்டும், 2022இல் ஒலிம்பிக் கமிட்டி, 1912இன் அந்த இரண்டு போட்டிகளுக்கும் ஒரே வெற்றியாளர் தோர்ப்தான் என்று அறிவித்தது. கல்லறையைச் சுற்றிலும் புல்லைச் சீராக வெட்டி, இடத்தைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறது ஊர். இருந்தாலும் மகன்கள் கேட்டதில்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.