ஆட்டோ ஸ்டாண்டையும் கூப்பிடுங்கள்

வேலூரில் எங்கள் மருத்துவமனையில் வருஷா வருஷம் பேரிடர் ஒத்திகை உண்டு. நர்சிங் மாணவிகள் சிவப்புச் சாயம் பூசிப் படுத்திருப்பார்கள். யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரித்துக் கட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்புப் பட்டைகளோடு நாங்கள் கேஷுவாலிட்டி வாசலில் நிற்போம். மெயின் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் இவ்வளவும். பொதுமக்கள் குறுக்கே வரக் கூடாதாம்!

நிஜத்தில் குறுக்கே வராமல் எப்படி? பெங்களூர் ஹைவேயில் பஸ் கவிழ்ந்தால், 108 வருவதற்குள் ஆட்டோவிலும் டாடா ஏஸிலும் ஆட்களை ஏற்றிவிடுகிறார்கள். அதிலும் நடக்க முடிந்தவர்கள்தான் முதலில் வந்து சேர்வார்கள். படுக்கைகள் அவர்களாலேயே நிரம்பிவிடும். உயிருக்குப் போராடுகிறவர் அப்புறம்தான் வருவார். கழுத்தில் அடிபட்டவரைத் தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி தூக்க வேண்டும் என்பதை ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் நாங்கள் சொல்லித் தந்ததில்லை.

2011 டிசம்பரில் கொல்கத்தாவின் அம்ரி மருத்துவமனை தீப்பிடித்தபோது, விடியுமுன் புகையைப் பார்த்து ஓடி வந்தவர்கள் பக்கத்துக் குடிசைப் பகுதிக்காரர்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே ஆட்கள்தான் மூங்கிலும் கயிறும் கொண்டு நோயாளிகளை இறக்கினார்கள். ஏறக்குறைய 90 பேர் இறந்த விபத்து அது. அதைப் படித்த பிறகு சாத்திய கேட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

வேலூரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்களில் தங்குகிறவர்களில் எத்தனையோ பேர் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். பேரிடர் நேரத்தில் அவர்களிடம் பெயர் கேட்க, சொந்தக்காரரைத் தேட, நமக்குப் பெங்காலி பேசும் லாட்ஜ் பையன்கள் வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது எந்தத் தரைப்பாலம் மூழ்கியது, எந்த வழியில் ஆம்புலன்ஸ் வரலாம் என்று எங்களுக்குச் சரியாகச் சொன்னது பால் வண்டிக்காரர்கள்தான்.

இதையெல்லாம் கமிட்டியில் சொல்லிச் சொல்லி, போன ஒத்திகைக்கு ஸ்டாண்டிலிருந்து சிலரைக் கூப்பிட வைத்தேன். "கேஸு கீஸுன்னு இழுப்பாங்களே சிஸ்டர்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவைச் சொன்னேன். விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் பெயர் கொடுக்கக் கட்டாயமில்லை, அவர்மேல் வழக்கும் வராது. "அப்படியா அண்ணா?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அந்த அண்ணா நம்பின மாதிரி தெரியவில்லை. "சரி சிஸ்டர், ரத்தமான சீட்டுக்கு யாரு காசு தருவா?" என்றார்.

கமிட்டியில் யாரிடமும் பதில் இல்லை. மினிட்ஸில் எழுத வைத்திருக்கிறேன்.