நைலான் கயிற்றில் குரோஷே: தோளில் மாட்டும் பாட்டில் பை

குரோஷே என்பது கொக்கி முனை ஊசியால் வளையம் வளையமாகக் கோத்துப் பின்னுவது; அப்படி விழும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி. கம்பளி நூல் அமுங்கும், கயிறு அமுங்காது. நூலுக்கு எடுக்கும் கணக்கில் ஊசியை எடுத்தால் பத்தாவது கண்ணிக்குள் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். 3 மி.மீ. கயிற்றுக்கு 5.5 அல்லது 6 மி.மீ. ஊசி, 4 மி.மீ. பாராகார்டுக்கு (பாராசூட் வகை நைலான் கயிறு) 8 மி.மீ. ஊசி என்று ஆரம்பியுங்கள். அலுமினிய ஊசி போதும். மெல்லிய பிளாஸ்டிக் ஊசி கழுத்தில் முறியும்.

கயிறு பின்னப்பட்டதாக இருக்க வேண்டும். முறுக்கிய கயிற்றில் ஊசி முனை புரிகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும். நைலான் மென்மையானது, ஆனால் நனைந்தால் கொஞ்சம் நீளும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. தோள்பட்டை வாருக்கு என் தேர்வு அதுதான். பாலிப்ரொப்பிலீன் மலிவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் வெயிலில் நாளாக நாளாக நொறுங்கும். எதை எடுத்தாலும் முதலில் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தொங்கவிட்டுக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சுருளின் தலைப்பக்கமாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். சுருளை உருளவிட்டுப் பக்கவாட்டில் எடுங்கள்.

ஒரு லிட்டர் பாட்டிலுக்கு, குறுக்கே எட்டரை செ.மீ. இருந்தால், 3 மி.மீ. கயிறு 80 மீட்டர் கையில் இருக்கட்டும். உங்கள் கை இறுக்கம் வேறாக இருக்கலாம். பத்துக் கண்ணி போட்டு, பிரித்து, எத்தனை செ.மீ. போனது என்று அளந்தால் சரியான கணக்கு வந்துவிடும்.

அடிப்பாகத்துக்கு மாய வளையம் (வாலை இழுத்தால் மூடிக்கொள்ளும் தொடக்க வளையம்) வேண்டாம், வழுக்கும் கயிற்றில் அது தானாகத் திறந்துகொள்ளும். நான்கு சங்கிலி (ஊசியில் உள்ள வளையம் வழியே கயிற்றை ஒருமுறை இழுப்பது ஒரு சங்கிலி) போட்டு வளையமாக்கி, அதற்குள் 6 சிங்கிள் குரோஷே போடுங்கள் (அமெரிக்க வழக்குப்படி, பிரிட்டிஷ் வழக்கில் இதையே டபுள் குரோஷே என்பார்கள்). ஊசியை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்து, ஊசியில் நிற்கும் இரண்டு வளையங்கள் வழியே மறுபடி இழுத்தால் ஒரு சிங்கிள். நடுவில் நிற்கும் ஓட்டை தண்ணீர் வடிய உதவும். ஒரே கண்ணிக்குள் இரண்டு சிங்கிள் போடுவதுதான் கூட்டுவது; ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணி கூட்டுங்கள்: 12, 18, 24, 30, 36. கூட்டும் இடங்களைச் சுற்றுக்குச் சுற்று தள்ளி வைக்காவிட்டால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஓரம் கிண்ணம்போல மேலே எழுந்தால் கண்ணி இறுக்கம், அலையாக நெளிந்தால் தளர்வு. இரண்டுக்கும் மருந்து ஊசி அளவை மாற்றுவதுதான்.

அதன் பிறகு கூட்டாமல் நான்கு சுற்று. அடுத்து வலை: மூன்று சங்கிலி, இரண்டு கண்ணி விட்டு மூன்றாவதில் ஒரு சிங்கிள். 36 கண்ணிக்குப் பன்னிரண்டு வலைக்கண் வரும். அடுத்த சுற்றுகளில் சிங்கிளைச் சங்கிலி வளைவுக்குள் போடுங்கள். பத்துச் சுற்று வலை. பிறகு ஒவ்வொரு வளைவிலும் மூன்று சிங்கிள் போட்டால் மறுபடி 36. அப்படி மூன்று சுற்று விளிம்பு.

வார்தான் இந்தப் பையின் உயிர். பலரும் விளிம்பிலிருந்து நேராக வாரைப் பின்னித் தொங்கவிடுகிறார்கள். குரோஷே எவ்வளவு இறுக்கமானாலும் வளையங்களின் கோவை. பாரம் ஏறினால் வளையம் நீளும், வாரும் நீளும், விளிம்பு இரண்டு பக்கமும் காது மாதிரி இழுபடும். அதனால் பாரத்தைப் பின்னலிடம் கொடுக்காதீர்கள், நேரான கயிறு ஒன்றிடம் கொடுங்கள். 2.25 மீட்டர் வெட்டி, அடிப்பாகத்தின் குறுக்கே இரண்டு இடத்தில் கண்ணிக்குள் நுழைத்து, இரு பக்கமும் வலைக்கண்கள் வழியே உள்ளும் புறமுமாக மேலே ஏற்றி, விளிம்புக்கு மேலே டபுள் ஃபிஷர்மேன் முடிச்சால் (ஒவ்வொரு முனையும் மற்றதை இரண்டு முறை சுற்றி இறுகும் முடிச்சு) இணையுங்கள். முடிச்சுக்கு வெளியே ஐந்து செ.மீ. வால் இருக்கட்டும். விளிம்புக்கு மேல் சுமார் 120 செ.மீ. மிஞ்சும், அணிபவரின் உயரத்துக்கேற்ப மாற்றுங்கள்.

இப்போது அந்தக் கயிற்றையே அச்சாக வைத்து அதன்மேல் சிங்கிள் குரோஷே போடுங்கள், 10 செ.மீ.க்குப் பதிமூன்று கண்ணி. நெருக்கினால் வார் நெளியும். குறைத்துப் போட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் கயிறு மடங்கிக்கொண்டு, பாரம் ஏறியதும் வார் திடீரென்று நீளும். முதல் வரிசை கயிற்றைச் சுற்றித் திருகிக்கொள்ளும். இரண்டாம் வரிசைக்குப் போகுமுன் விரலால் நேராக்கிவிடுங்கள். மூன்றாம் வரிசையை எதிர்ப்பக்கத்தில் போட்டால் தோளை அறுக்காத அகலம் கிடைக்கும், முடிச்சின் வாலும் மறையும்.

கயிற்று முனையை உருக்குவது பிரியாமல் இருக்கத்தான், இணைப்பதற்கு அல்ல. உருக்கி ஒட்டிய இணைப்பு பாரத்தில் விட்டுவிடும். லைட்டரில் மூன்று மி.மீ. உருக்கி, கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். விரலால் தொட்டால் உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆறிய முனை கண்ணாடிச் சில்லுபோலக் கூராக இருக்கும், அதைக் கண்ணிகளுக்குள் புதைத்துவிடுங்கள். வால்களை எட்டுக் கண்ணி ஒரு பக்கம், மறுபடி திரும்பி எட்டுக் கண்ணி என்று கோக்காவிட்டால் வழுக்கி வெளியே வரும்.

பாராகார்ட் 550 என்பதில் உள்ள எண் அது தாங்கும் பாரம்: 550 பவுண்டு, ஏறத்தாழ 250 கிலோ. புதுக் கயிறு நேராக இருக்கும்போதுதான் அது; முடிச்சு விழுந்த இடத்தில் பலம் வெகுவாகக் குறையும். ஆள் தொங்கும் எந்த வேலைக்கும் இது ஆகாது. குழந்தைக்கோ, சைக்கிள் ஓட்டுபவருக்கோ தருவதாக இருந்தால் இந்த வாரே வேண்டாம்: எங்காவது சிக்கினால் அறுபடாது. அவர்களுக்கு, உள்கயிற்றை இரண்டாக வெட்டி, இழுத்தால் தானாக விடுபடும் பக்கிளை நடுவில் வையுங்கள்.

முடித்ததும் பாட்டிலை நிரப்பி ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் வாரை அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு செ.மீ. கூடியிருந்தால் முடிச்சு இறுகியதால் வந்தது, கவலையில்லை. அதற்கு மேல் போனால் உள்கயிறு மடங்கியிருக்கிறது. முதல் வரிசைவரை பிரித்து, தளர்த்திப் போடுங்கள்.