தக்கையைக் கீழே வைக்காதே

கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே, நங்கூரத்தில் நின்றபடி பங்கர் எடுத்துக்கொண்டிருந்தோம். கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஐப்பசி மாதம். பின்னேரம் தொடங்கிய இடிமழை இரவாகியும் விடவில்லை. ஜூனியர் எஞ்சினியராக எனக்கு அது முதல் கப்பல்.

பங்கருக்கு முன் தளத்தின் ஓரத்து வடிகால் துளைகளை, அதாவது ஸ்கப்பர்களை, தக்கை வைத்து இறுக்கிவிடுவோம். எண்ணெய் சிந்தினாலும் தளத்தோடு நிற்கட்டும் என்றுதான். ஆனால் மழைத் தண்ணீரும் அங்கேயே தேங்கும். அதன் மேல் எண்ணெய் மிதந்தால் விளிம்பைத் தாண்டிவிடும். அதனால் இடையிடையே தக்கையைக் கழற்றி, பக்கத்திலேயே நின்று தண்ணீரை வடியவிட்டு, திரும்ப அடைக்கவேண்டும்.

பின்பக்க மூலைத் தக்கையைக் கழற்றினேன். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே, தாங்கியில் அளவு பார்க்கச் சொல்லி வோக்கியில் கூப்பிட்டார்கள். ஓடினேன். தக்கை தளத்தில் கிடந்தது.

கண்டவர் கொழும்பு முகத்துவாரத்தைச் சேர்ந்த மோட்டார்மேன் அண்ணை; எஞ்சின் அறைத் தொழிலாளி. குனிந்து, துணி சுற்றி, குதிக்காலால் மிதித்து இறுக்கிவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, தக்கையைக் கழட்டினா கையிலயே வைச்சிரு. கீழ வைச்சா மறந்திடுவாய்.” சத்தம் போடவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். தாங்கி நிரம்பும் தறுவாய். வேகத்தைக் குறைக்கச் சொல்லியும், எண்ணெய் கொண்டுவந்த பார்ஜின், அதாவது எரிபொருள் படகின், பம்ப் சுணங்கித்தான் குறைந்தது. தாங்கியின் காற்றுக் குழாயில் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென அடைபட்டது; கறுப்பு எண்ணெய் நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. குழாயடித் தட்டு நிரம்பி வழிந்து, கப்பல் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து நின்றதால், நேராக அந்த மூலைக்கே ஓடித் தக்கையில் முட்டி நின்றது. மரத்தூளும் பழந்துணியும் வாளியுமாக விடியும்வரை அள்ளினோம். கடலுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

கப்பல்களால் கடல் மாசுபடாமல் தடுக்கும் சர்வதேச மார்போல் விதிகளை வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான். எஞ்சின் அறைக் கழிவுநீரில் எண்ணெய் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருந்தால் கடலில் விடக்கூடாது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் அன்றிரவு கடலைக் காத்தது, தன் வேலையில்லாத இடத்தில் அந்த மனிதர் குனிந்ததுதான்.

2021 மே 20 இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பிடித்தபோது அவரைத்தான் நினைத்தேன். ஒரு கொள்கலனில் நைத்திரிக் அமிலம் கசிவது பல நாள் முன்பே தெரிந்திருந்தது. வழியில் இரண்டு துறைமுகங்களில் கேட்டும் அதை இறக்க முடியவில்லை. கப்பலில் இருந்த கொள்கலன்கள் 1,486. அதிலிருந்து கரைக்கு வந்த பிளாஸ்டிக் மணிகளை நீர்கொழும்பில் நாங்கள் சல்லடையில் அரித்தோம். பயறளவு வெள்ளை மணிகள். அரித்து நிமிர்வதற்குள் அடுத்த அலை இன்னும் கொண்டுவந்து கொட்டும். எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பங்கர் இரவு விடிந்ததும், எண்ணெய்ப் பதிவேட்டில் பங்கர் எடுத்த இடம், நேரம், தாங்கி, அளவு எல்லாவற்றையும் எழுதினார்கள். தக்கை கழன்று கிடந்தது அண்ணைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவர் சொல்லமாட்டார் என்றும் தெரியும். காலைச் சாப்பாட்டுக்கு முன் சீஃப் எஞ்சினியரிடம் போய் நானே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த துறைமுகத்தில் பங்கர் எடுத்தபோது, தக்கைப் பொறுப்பை என்னிடமே தந்தார்.