செங்கலடிப் பக்கத்துக் கல்மலையும் என் லெப்டொப்பும்

குவாரிச் சரிவு இடியுமா என்று லெப்டொப்பில் போட்ட கணக்கின் முதல் விடை 5.3 என்று வந்தது. இது பாதுகாப்புக் காரணி: மலையைத் தாங்கும் வலிமை, அதைச் சரிக்கும் விசையைப்போல எத்தனை மடங்கு என்பது. 1க்குக் கீழே போனால் இடியும். குவாரிச் சரிவுக்கு 1.3 இருந்தாலே பரவாயில்லை என்பார்கள்; எனக்கு அதைப்போல நாலு மடங்கு. அந்தச் சந்தோஷம் ஒரு கிழமை நின்றது.

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது செங்கலடி – பதுளை வீதியில், கரடியனாற்றுக்கு அப்பால் உள்ள ஒரு கருங்கல் குவாரி. வெட்டிய முகம் 30 மீற்றர் உயரம், 70 பாகைச் செங்குத்து. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடியில் கிடப்பது விஜயன் தொகுதி என்ற பழைய பாறைக் கூட்டத்தின் நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறை. சுத்தியல் பட்டால் கணீரென்று திருப்பி அடிக்கும். ஆவணி வெயிலில் நாலு நாள் கொம்பஸோடு அலைந்து பிளவுகளை அளந்தேன். பாறையின் வலிமை 90 மெகாபஸ்கால், பிளவுகளோடு சேர்ந்த பாறைத் திணிவின் தரத்தைச் சொல்லும் ஜிஎஸ்ஐ எண் 60 என்று, திணிவின் வலிமையைக் கணிக்கும் ஹூக்–பிரவுண் முறையில் போட்டு, முழு மலையையும் ஒரே திணிவாக எடுத்துக் கணினி மொடலை ஓட விட்டேன். வெடியால் பாறை எவ்வளவு குலைந்தது என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு எண் கொடுக்க வேண்டும். முதலில் 0.7 கொடுத்திருந்தேன். அங்கே வெடி வைக்கும் விதத்தைப் பார்த்த பிறகு 1 ஆக்கினேன். விடை 4.1 ஆகக் குறைந்தது. அப்போதும் பயமில்லை.

குவாரியில் துளை போடும் ஏறாவூர்க் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேற்கு முகத்துக்குக் கூட்டிப்போய், குறுக்கே சரிந்து ஓடிய கறுப்புக் கோடொன்றைக் காட்டினார். காய்ந்த பாசி. "மாரியில வந்து பாருங்க தம்பி. இதாலதான் மலை அழும்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். மலையின் முதுகுக்குச் சமாந்தரமாக, வெங்காயத் தோல் உரிவது போலப் பிரிந்த பிளவு. மேலே கிடந்த சுமை தேய்ந்து போகப் போக இப்படிப்பட்ட மலைகள் தோல் தோலாகப் பிரியும். இது 38 பாகையில் குழிப்பக்கம் சாய்ந்து, வெட்டுமுகத்திலேயே வாய் திறந்து கிடந்தது. என் குறிப்புப் புத்தகத்திலும் அது இருந்தது, ஐம்பது சொச்சம் பிளவுகளில் ஒன்றாக. மொடலுக்குள்தான் அதை விடவில்லை. பாறை நொறுங்குமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். வழுக்குமா என்று கேட்கவேயில்லை.

சரி, பிளவைத் தனிக் கோடாகக் கீறி மறுபடி தொடங்கினேன். அதற்கு உராய்வுக் கோணம், அதாவது கல்லின் மேல் கல் வழுக்கத் தொடங்கும் சாய்வு, வேண்டும். கல்லறைக் கல் வெட்டுகிற ஒருவரிடம் கெஞ்சி இரண்டு துண்டுகளை மட்டமாக அறுத்து வாங்கினேன். வீட்டில் கதவுப் பலகையில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, பலகையை மெல்ல மெல்லத் தூக்கினேன். போனில் பாகை ஓடும். 29, 31, 30 என்று வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை அம்மாவின் காலுக்குப் பக்கத்தில். உண்மையான பிளவு அறுத்த கல் போல மட்டமாக இருக்காதே. அந்தச் சொரசொரப்புக்கு பார்ட்டனின் சமன்பாட்டால் கூட்டிக்கொண்டேன்.

விடை 0.62. அதாவது மலை எப்போதோ விழுந்திருக்க வேண்டும். ஆனால் காக்கா அதன் கீழேதான் தேத்தண்ணி குடிக்கிறார்.

மொடலில் காரணியைக் கண்டுபிடிக்கும் முறையில் பாறையின் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவோம். கணக்கு ஒரு முடிவுக்கு வராமல் தடுமாறும் இடத்தைச் சரிவு இடிந்த இடமாக எடுப்போம். சிக்கல் என்னவென்றால், கணக்குக்காக மலையைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரிக்கும் வலை மோசமாக இருந்தாலும் கணக்கு தடுமாறும். இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது: முகத்தோரம் இரண்டு பிளவுகள் வெட்டும் மூலையில் ஊசி போல ஒரு முக்கோணம். அது மட்டும் பறக்கிறது, மலை அசையவில்லை. வலையைத் திருத்தியதும் 1.48.

ஆனால் அது காய்ந்த மலைக்கு. மார்கழியில் மழைக்குள்ளேயே திரும்பப் போனேன். காக்கா சொன்னது சரி, கறுப்புக் கோடு முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் பார்க்கக் கருவி ஏது? மேல்படியில் துளைத்துவிட்டு வெடிக்காமல் விட்ட ஓட்டைக்குள் நூலில் போல்ட் கட்டி இறக்கினோம். மூன்று மீற்றரில் தண்ணீர். அந்த அழுத்தத்தைப் பிளவில் கொடுத்ததும் 1.48 என்பது 1.07 ஆனது. ஒரே மலை, ஒரே கல், நாலு மாத இடைவெளி.

மேலே வாய்க்கால் வெட்ட வேண்டும், முகத்தில் வடிகால் துளை போட வேண்டும், மேற்கு முகத்தைப் பிளவின் சாய்வுக்கே படுக்க வைத்து வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாய்க்காலுக்கு உடனே தலையாட்டினார்கள். கடைசி வேலைக்கு மட்டும் "பார்ப்பம்". படுக்க வைத்தால் எவ்வளவு கல் போகும் என்று அவர்களும் கணக்குப் பார்த்திருப்பார்கள்தானே.

மலை உச்சியில் இருந்த வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து, நடுவில் 300 மில்லிமீற்றர் விட்டுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் காக்கா அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவார். ஐந்து வெள்ளி 300. ஆறாவதில் 303. உடனே போன் எடுத்தேன்.

"நான் கண்டுதான் அனுப்பினன், தம்பி. காலைலயே லொறிகளக் கிழக்குப் பக்கத்தால திருப்பிட்டம்" என்றார்.

"தேத்தண்ணி?"

"அதுவும் அங்கதான்."