அகல் சூளைக்குப் புகைபோக்கி: மூன்றாம் சுடுகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், 14 கிலோ எரிவாயுத் தோம்பில் (சிலிண்டரில்) எரியும் சிறு சூளையில் அகல் விளக்குகள் சுட்டு வருகிறேன். இதுவரை களிமண்ணைவிடப் புகைபோக்கியே என்னை அதிகம் வேலை வாங்கியிருக்கிறது.

சூளையின் மேல்வாயோடு குழாயை ஒட்டவைக்காமல், ஒரு சாண் இடைவெளி விட்டுத் தகட்டுக் கூம்பு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். மேலெழும் சுடுகாற்றோடு கொட்டகைக் காற்றும் அவ்விடைவெளியில் கலந்து குழாயின் வெப்பத்தைத் தணிக்கிறது. துத்தநாகம் பூசிய குழாய் மலிவுதான். ஆனால் துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால், 1000 டிகிரி வரை ஏறும் சூளைக்கு மேலே அதை வைக்க மனம் ஒப்பவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழாயையே வாங்கினேன்.

இரண்டாம் சுடுகையில், புகை விரைவாக வெளியேறட்டும் என்று சுவரில் ஒரு மின்விசிறியைப் பொருத்தியது பெரும் பிழை. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியை மேசையில் வைத்திருந்தேன். இருபதே நிமிடங்களில் எண் 85 பிபிஎம்-ஐ (காற்றின் பத்து லட்சம் பங்கில் 85 பங்கு) தொட்டது. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. ஐரோப்பியத் தரத்தின்படி, 50 பிபிஎம் அளவில் ஒரு மணி நேரத்திற்குப் பிறகே அது ஒலிக்க வேண்டும். 300 என்றால்தான் மூன்று நிமிடங்களுக்குள் ஒலிக்கும். ஆகவே எண்ணைக் காட்டும் கருவியையே வாங்குங்கள் என்பேன். உடனே தோம்பை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

கொட்டகை நன்றாகக் காற்றாடிய பிறகு, சூளையைச் சிறு தணலில் எரியவிட்டு, கூம்பின் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். மின்விசிறி ஓடும்போது அதன் புகை கூம்பிற்குள் ஏறாமல், வளைந்து என் மார்பை நோக்கி வந்தது. நிறுத்தியதும் தயங்கித் தயங்கி மேலே ஏறியது. உள்ளே வர வழியில்லாத காற்றை மின்விசிறி வெளியே தள்ளியதால், அந்தக் குறையை ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகவே காற்று கீழிறங்கியிருக்கிறது.

மின்விசிறியைக் கழற்றிவிட்டு, எதிரெதிர்ச் சுவர்களில் தரையை ஒட்டி இரண்டு திறப்புகளை வெட்டினேன். தோம்பு எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிவு ஏற்பட்டாலும் அது தேங்காமல் வெளியேற அவை உதவும். தோம்பையும் கொட்டகைக்கு வெளியே மாற்றிவிட்டேன்.

நேற்றைய மூன்றாம் சுடுகையில், குளிர்ந்த குழாய் சூடேறும்வரை அரைமணி நேரம் சிறு தணலே வைத்தேன். எண் 4-க்கு மேல் ஏறவில்லை. மாலை மழைக்கு முன் வீசிய காற்றில் மட்டும் சற்று நேரம் 17 காட்டியது. குழாயின் வாய் கூரை முகட்டிற்குக் கீழே நிற்பதே காரணமாக இருக்கலாம். அடுத்த சுடுகைக்கு முன் அதை முகட்டுக்கு மேலே உயர்த்தப் போகிறேன். நாற்பது அகல்களில் இரண்டு மட்டுமே விரிசல் கண்டன.