மாதம் பதினாறாயிரம்தானே?

சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் ஷோரூமில் எழுதிக் கொடுத்த விலைத்தாளுடன் வீட்டுக்கு வந்திருந்தான். காரின் ஷோரூம் விலை பத்தரை லட்சம். சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து வண்டி வாசலுக்கு வரும்போது ஏறக்குறைய 12,90,000 ரூபாய். இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த 2,90,000 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 10 லட்சத்துக்கு ஏழாண்டுக் கடன் வாங்குவது அவனுடைய திட்டம். "மாதம் பதினாறாயிரம்தானே சித்தப்பா, சமாளித்துவிடலாம்" என்றான். குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதும் அவனுக்குச் சம்பளம் 38,000 ரூபாய்.

அந்தத் 'தானே'தான் என்னை இதை எழுத வைத்தது. 9.5 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு ஏழாண்டு டியூ, அதாவது மாதத் தவணை, 16,344 ரூபாய். எண்பத்து நான்கு மாதமும் முடியும்போது மொத்தம் 13,72,896 ரூபாய் கட்டியிருப்பான். அதே கடனை ஐந்தாண்டில் அடைப்பதென்றால் டியூ 21,002 ரூபாய், மொத்தம் 12,60,120 ரூபாய். மாதந்தோறும் சுமை சற்றுக் குறைந்தாற்போல் தோன்றுவதற்காக நாம் கொடுக்கும் விலை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். தவிர, பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி (வண்டி வாங்கும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி) 18 சதவீதம்; ஐந்துக்கு மேல் பத்துக்குள் நின்றால் 13 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டி ஒன்றைப் பார்த்திருந்தால் வரியில் மட்டும் அறுபதாயிரம் மிஞ்சியிருக்கும்.

இவற்றைவிட எனக்கு உறைத்தது மூன்றாண்டுக்குப் பிந்தைய நிலவரம். முப்பத்தாறு டியூ கட்டி முடித்த அன்றும் அசலில் சுமார் ஆறரை லட்சம் பாக்கி நிற்கும். ஏனெனில் தொடக்க ஆண்டுகளில் கட்டுவதில் கணிசமான பங்கு வட்டிக்குப் போய்விடுகிறது. காப்பீட்டுத் தேய்மான அட்டவணையோ மூன்றாண்டு கடந்த வண்டியின் மதிப்பில் 40 சதவீதத்தைக் கழித்துவிடும். பத்தரை லட்சம் அப்போது 6,30,000 ஆகிவிடும். அந்தச் சமயத்தில் வண்டி மலையிலிருந்து உருண்டு முற்றிலும் அழிந்துபோனாலும், காப்பீட்டுப் பணம் கடனை அடைக்கக்கூடப் போதாது. அவன் கையிலிருந்து அதுவரை போயிருப்பதோ, முன்பணத்தோடு சேர்த்து, கிட்டத்தட்ட எட்டே முக்கால் லட்சம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானே இதில் அடிபட்டவன் என்பதுதான். நீலகிரியில் கட்டபெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் தேயிலையும் சாலையோரம் ஒரு மளிகைக் கடையும் எங்கள் வருமானம். 2016இல் கார் வாங்க நான்கு லட்சம் கடன் எடுத்தபோது, ஃபைனான்ஸ்காரர் "வட்டி ஏழுதான்" என்றார். ஐந்தாண்டுக்கு மாதம் 9,000 ரூபாய் என்று கையெழுத்துப் போட்டேன். அது 'ஃபிளாட்' வட்டி, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் அசலுக்கே கடைசி வரை கணக்கிடப்படும் வட்டி என்பதும், குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 12.5 சதவீதம் என்பதும் இரண்டு ஆண்டு கழித்தே எனக்குப் புரிந்தது.

வட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலை வருமானத்தின் ஏற்ற இறக்கத்தை டியூ தேதி அறியாது என்பதே பெரிய தொல்லை. மழைக்காலத்தில் கொழுந்து குவியும்போது ஒன்பதாயிரம் பொருட்டாகவே தெரியவில்லை. ஒரு ஜனவரியில் உறைபனி விழுந்து பள்ளத்துச் செடிகளெல்லாம் கருகிவிட, பச்சைத் தேயிலை விலையும் அப்போது பார்த்து இறங்கிவிட, ஃபாக்டரியிலிருந்து வந்த பணம் ஆள் கூலிக்கே சரியாகிவிட்டது. ஐந்தாம் தேதி டியூ மட்டும் தவறாமல் வந்து நின்றது. மூன்று மாதம் மனைவியின் வளையலை அடகு வைத்து அதைக் கட்டினேன். அண்ணன் மகனுக்கு மாதச் சம்பளம் என்றாலும், சீசன் முடிந்ததும் ஆட்களைக் குறைக்கும் தொழில் அது. ஆகவே நல்ல மாதத்தை வைத்து டியூவைத் தீர்மானிக்காமல், ஆண்டின் மிக மோசமான மாதத்தில் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துத் தீர்மானிக்கச் சொன்னேன்.

மலைக்குப் பெரிய வண்டி வேண்டும் என்ற வாதத்தையும் அவன் வைத்தான். என் சிறிய கார் இரண்டாம் கியரில் எல்லா மேட்டையும் ஏறத்தான் செய்கிறது. பெட்ரோல் அதிகம் குடிப்பதும், கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் சீக்கிரம் தேய்வதும் எந்த வண்டிக்கும் இங்கே உண்டு. வண்டி பெரிதானால் அந்தச் செலவும் பெரிதாகும். எங்கள் வீடுகள் சாலைக்குக் கீழே, படியிறங்கிப் போகும் இடத்தில் இருப்பதால் வண்டி இரவு முழுவதும் மழையிலும் மூடுபனியிலும் நிற்கிறது. (என் வண்டியின் பின்கதவு நசுங்கியிருப்பது விபத்தால் அல்ல; காட்டெருமை ஒன்று உரசிப் போனதால்.)

டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய டியூவை வண்டியே சம்பாதிக்கிறது. வாரந்தோறும் கோவை மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோயாளி உள்ள வீட்டுக்கும் நான் வேறு விதமாகத்தான் சொல்வேன். இவனுக்கோ மாதத்தில் ஆறேழு நாள்தான் கார் உண்மையில் தேவைப்படுகிறது.

நாலைந்து ஆண்டு ஓடிய காரை ஐந்தரை லட்சத்துக்குள் பார்க்கலாம் என்றேன். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல். 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், முன்பணம் போக 2,60,000 ரூபாய்க்கு மூன்றாண்டு டியூ 8,636 ரூபாய். மொத்த வட்டி ஐம்பத்தோராயிரத்துக்குள். அவன் முகம் வாடியது எனக்குத் தெரியாமல் இல்லை. புது வண்டிக்கு மாலை போட்டு எடுக்கும் படம் அவன் மனத்தில் இருந்திருக்கும். ஆனாலும் நேற்று போனில் அழைத்து, மேட்டுப்பாளையத்தில் ஒரு வண்டி இருக்கிறதாம், வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டான். சமவெளியிலேயே ஓடிய வண்டியா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் இருவரும் இறங்குகிறோம். அடிப்பக்கத் துருவைப் பார்க்க டார்ச் லைட் எடுத்து வைத்திருக்கிறேன்.