16 வரியை இருட்டாக்கியதும் வந்த நடுக்கம் நின்றது

என் விளையாட்டுத் திரையின் நடுக்கம் நேற்று இரவு ஒருவழியாக நின்றுவிட்டது. எதிரிக் கப்பல் இரண்டு, ஒன்று மூக்குக்கு முன்னால், இன்னொன்று தொலைவில், இரண்டும் வெறும் கோடுகளாகச் சுழல்கின்றன, படம் ஒரு வரிகூடத் துள்ளவில்லை. எமுலேட்டரில் (கன்சோலைப் போல நடிக்கும் கணினி நிரல்) இல்லை, நிஜ என்இஎஸ் கன்சோலில் (நிண்டெண்டோவின் பழைய வீட்டு விளையாட்டுப் பெட்டி), பழைய குழாய் டிவியில். மூன்று வாரம் இந்த ஒரே ஒரு விஷயத்தில் போயிருக்கிறது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன், மற்றதெல்லாம் போகிற போக்கில்.

எலைட் என்ற பழைய விண்வெளி விளையாட்டு மாதிரி ஒரு சின்னச் சண்டை விளையாட்டை முன்பு பிபிசி மைக்ரோ என்ற 1980களின் வீட்டுக் கணினிக்காக அசெம்ப்ளியில் (சில்லின் கட்டளைகளிலேயே) எழுதி வைத்திருந்தேன். வியாபாரம், கிரகம் எதுவும் கிடையாது, சண்டை மட்டும். அங்கேயும் 6502 சில், என்இஎஸ்ஸிலும் 6502 வகைதான், கணக்குப் பகுதியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கோர் மட்டும் 9க்குப் பிறகு எழுத்துகளைக் காட்டியது. ஒரு மாலை முழுக்க எழுத்துரு டைலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் அங்கே இல்லை, என்இஎஸ்ஸின் 2ஏ03 சில்லில் தசமக் கூட்டல் முடக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொடங்கும் எஸ்இடி கட்டளையைப் பேசாமல் வாங்கிக்கொள்ளும், கூட்டும்போது கண்டுகொள்ளாது. ஸ்கோரை இலக்கத்துக்கு ஒரு பைட்டாக மாற்றி எழுதினேன், சரியாகிவிட்டது.

உண்மையான பாடு திரையில்தான். பிபிசி மைக்ரோவில் திரை என்பது நினைவகத்தில் இருக்கிற ஒரு வெள்ளைத்தாள். 1984இல் வந்த எலைட்டில் விண்வெளிக் காட்சி 256க்கு 192 புள்ளி, 6,144 பைட், எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் தொடலாம். கோட்டை எக்ஸ்-ஆர் செய்து (புள்ளிகளைத் தலைகீழாக்கி) வரைந்து, அதே கோட்டை மறுபடி வரைந்தால் அழிந்துவிடும், அவ்வளவுதான் வேலை. என்இஎஸ்ஸில் அப்படி ஒரு தாளே கிடையாது. இருப்பது டைல், அதாவது 8க்கு 8 புள்ளிச் சதுரங்கள், அவற்றின் படங்கள் இருக்கும் பேட்டர்ன் டேபிள் ஒன்றில் 256 டைல். என் காட்சி 32க்கு 18 கட்டம், அதாவது 576 கட்டம். எல்லாக் கட்டத்துக்கும் தனி டைல் கொடுக்க வழியில்லை. அதனால் கோடு எந்தக் கட்டத்தைத் தொடுகிறதோ அந்தக் கட்டத்துக்கு மட்டும் அந்த நொடியில் ஒரு டைல் எண்ணை ஒதுக்க வேண்டும், தொடாத கட்டமெல்லாம் வெற்று டைல் 0. 1991இல் வந்த எலைட்டின் என்இஎஸ் பதிப்பும் டைலை இப்படித் தேவைக்கேற்ப ஒதுக்கித்தான் கோடு வரைகிறது. வேறு நேர்வழி எனக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். என்னை மடக்கியது அடுத்த படி. வரைந்த டைலை பிபியுவுக்குள் (படம் காட்டும் சில்) அனுப்ப வி-பிளாங்க் நேரம், அதாவது ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, மட்டும்தான் உண்டு. என்னுடையது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி கன்சோல், அந்த இடைவெளி 20 வரி நேரம், சுமார் 2,270 செயலிச் சுழற்சி. ஸ்பிரைட்டுகளின் (திரையில் நகரும் சிறு படங்கள்) தகவலை நகலெடுக்கும் டிஎம்ஏ அதில் 513ஐச் சாப்பிட்டுவிடும். ஒரு டைலின் ஒரு பிட்பிளேனுக்கு (ஒரு நிற அடுக்கு) 8 பைட், பைட்டுக்கு 8 சுழற்சி, முகவரி வைக்க இன்னும் 20. காகிதத்தில் போட்ட கணக்கு ஒரு வி-பிளாங்குக்கு 20 டைல் என்று சொன்னது. ஓட்டிப் பார்த்தால் 11தான் தேறியது! எந்தக் கட்டத்தில் எந்த டைல் என்று சொல்லும் நேம்டேபிளை மறந்திருந்தேன். புதுக் கட்டத்தில் டைல் எண்ணை எழுத வேண்டும், பழைய கட்டத்தில் 0 எழுத வேண்டும், இரண்டுக்கும் தனித்தனியாக முகவரி. ஒரு டைலுக்கு மொத்தம் 140 சுழற்சி ஆகிவிடுகிறது.

ஒரு படத்தைக் கணக்கிட்டு வரைய எனக்கு எப்படியும் ஐந்து ஃபிரேம் ஆகிறது (டிவி நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும்), நொடிக்கு 12 படம். ஐந்து வி-பிளாங்குக்கு 55 டைல். தொலைவில் ஒரு கப்பல் என்றால் 30 டைலில் முடிந்துவிடும், தாராளம். இரண்டு கப்பல் வந்தாலே முட்டிக்கொள்ளும். ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) கன்சோலில் வி-பிளாங்க் 70 வரி, மூன்று மடங்குக்கும் மேல். எலைட்டின் என்இஎஸ் பதிப்பு பால் கன்சோலுக்கு மட்டும்தான் கடைக்கு வந்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அந்த 70 வரி மேல் எனக்கு உண்மையிலேயே பொறாமை வந்தது.

சரி, வி-பிளாங்க் போதவில்லை என்றால் நீட்டிக்க வேண்டியதுதான். திரையின் மேல் 16 வரிக்கு வரைதலை அணைத்தே வைத்துவிட்டால் இன்னும் 1,800 சுழற்சி கிடைக்கும், 11 டைல் 24 ஆகிவிடும். மேலே இருக்கிற அந்த வரிகளில் பாதியைப் பல பழைய டிவிகள் சட்டத்துக்குள் மறைத்துவிடும், அதனால் இழப்பும் பெரிதில்லை. எழுதினேன், எமுலேட்டரில் அழகாக ஓடியது. நிஜக் கன்சோலில் போட்டால் காட்சி முழுவதும் ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே என்று குதித்தது. நட்சத்திரங்கள் இருக்கும் திரையில் ஒரு வரிக் குதிப்பு கண்ணைப் பிடுங்கும்.

முதலில் ஸ்க்ரோலை, அதாவது படம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை, திருத்தினேன். வரைதலை நடுவில் ஆரம்பித்தால் ஸ்க்ரோல் மதிப்பு தானாக ஏறாது, பிபியுவின் 2006 என்ற பதிவேட்டில் நாமே முகவரியை எழுதி வைக்க வேண்டும். அதை ஏற்கெனவே செய்திருந்தேன், இருந்தாலும் நான்கு விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். பயனில்லை. அப்புறம்தான் உறைத்தது, தவறு எதை எழுதுகிறேன் என்பதில் இல்லை, எப்போது எழுதுகிறேன் என்பதில் இருக்கிறது. ஒரு முறை 24 டைல் அனுப்புகிறேன், இன்னொரு முறை 20, அதனால் வரைதலைத் திறக்கும் தருணம் வரியின் நடுவில் எங்காவது போய் விழுகிறது. வரியின் கடைசியில் பிபியு அடுத்த வரிக்கு எண்ணை ஏற்றும் இடத்துக்கு முன்னால் திறந்தால் ஒரு நிலை, பின்னால் திறந்தால் இன்னொரு நிலை. குதிப்பது அந்த ஒரு வரிதான்.

தீர்வு, அனுப்பும் வேலை எப்போதும் ஒரே நேரம் எடுக்க வேண்டும். அனுப்ப டைல் இல்லாவிட்டாலும் அதே 140 சுழற்சியை வீணாக்கிவிட்டு நகர வேண்டும். கிளை பிரியும் இடத்தில் ஒரு சுழற்சி கூடுவது, அட்டவணை பக்க எல்லையைத் தாண்டும்போது ஒரு சுழற்சி கூடுவது எல்லாவற்றையும் உட்கார்ந்து எண்ணினேன். வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 28 சுழற்சி. வி-பிளாங்க் தொடங்கியதைச் சொல்லும் என்எம்ஐ குறுக்கீடு வரும்போது நடந்துகொண்டிருக்கும் கட்டளையைப் பொறுத்து வரும் ஆட்டம் ஏழெட்டு சுழற்சிதான். எனவே நடுவில் குறி வைத்தால் எப்போதும் இடைவெளிக்குள்ளேயே விழும். விழுந்தது. நேற்று ஒரு மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டு, ஒன்றும் செய்யாமல் நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு திருப்தி இந்த விளையாட்டில் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

இடையில் கார்ட்ரிட்ஜ் பலகைக் கதை ஒன்று. சிஹெச்ஆர்-ரேம் (டைலை மாற்றி எழுதக்கூடிய நினைவகம்), கூடவே 8 கிலோபைட் ரேம் உள்ள எம்எம்சி1 வகைப் பலகை வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்டிருந்தேன். விற்றவர் அனுப்பியது சிஹெச்ஆர்-ரோம் பலகை. அதில் டைலை மாற்றவே முடியாது, எனக்கு அது வெறும் பிளாஸ்டிக். திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் பத்து நாள் போனது. நீங்கள் வாங்கும்போது பலகையின் படத்தைப் பெரிதாக்கிச் சில்லின் எண்ணை ஒரு முறை படித்துவிட்டு வாங்குங்கள்.

கோடு வரைவதை விட்டுவிட்டு ஸ்பிரைட்டுக்குப் போ என்று ஒரு நண்பர் சொன்னார். அதற்கு முன்மாதிரி உண்டு. 1979இல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் இயந்திரம்) வெக்டர் கோடுகளாக மின்னிய அஸ்டிராய்ட்ஸ், 1981இல் அட்டாரி 2600 கன்சோலுக்கு வந்தபோது வண்ணக் கட்டிகளாக மாறித்தான் வந்தது. விங் கமாண்டர் 1990இல் பிசியில் வந்தபோதே வரைந்து வைத்த படங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கித்தான் கப்பலைக் காட்டியது. அது 1992இல் சூப்பர் நிண்டெண்டோவுக்குப் போனபோது கப்பலை இன்னொரு கப்பலாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. என் கப்பல் கோடு. கோட்டை எடுத்துவிட்டால் அது என் விளையாட்டு இல்லை.

ஆனால் கோட்டைக் காப்பாற்றியதற்கு வேறு இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. 24ஐ ஐந்தால் பெருக்கினால் 120 டைல். எதிரி மிக அருகில் வந்து பாதித் திரையை அடைத்தால் 150ஐத் தாண்டுகிறது. அப்போது படம் ஆறாவது, ஏழாவது ஃபிரேமுக்குத் தள்ளிப்போகிறது, குறிபார்க்கிற நேரம் பார்த்துக் கை தாமதிக்கிறது. சண்டையில் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அதனால் முந்தைய படத்துக்கு எத்தனை டைல் செலவானது என்ற எண்ணை எதிரியின் முடிவெடுக்கும் பகுதிக்கே கொடுத்துவிட்டேன். 100ஐத் தாண்டினால் எதிரி விலகித் திரும்பிவிடும். பிபிசி பதிப்பில் எதிரி நேராக வந்து மோதப் பார்க்கும், அந்தப் பயம்தான் அங்கே சண்டையின் உயிர். இங்கே எதிரி உரசிக்கொண்டு கடந்து போகிறது, வட்டமடித்துத் திரும்புகிறது, நடுத்தூரத்தில்தான் சுட வேண்டியிருக்கிறது. வேறு விதி எதையும் நான் திருத்தவில்லை. சண்டை எவ்வளவு நெருக்கத்தில் நடக்கலாம் என்பதை வி-பிளாங்க் தீர்மானித்துவிட்டது. கன்சோலுக்கு வந்த பழைய விண்வெளி விளையாட்டுகளில் 'இது ஏன் வேறு மாதிரி இருக்கிறது' என்று தோன்றும்போது, யாரோ ரசனையில் மாற்றியிருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இனி அப்படி நினைக்க மாட்டேன்.

அடுத்தது கை. எனக்கு விசைப்பலகையில் 14 விசை இருந்தது, இங்கே திசைகளையும் சேர்த்து மொத்தமே 8 பொத்தான். இந்தத் தலைவலி பழையது. டிஃபெண்டர் ஆர்கேடில் ஒரு கைப்பிடியும் ஐந்து பொத்தானும் இருந்தன. அட்டாரி 2600இல் ஒரே பொத்தான், அதனால் திரையின் உச்சிக்குப் போய் அழுத்தினால் ஹைப்பர்ஸ்பேஸ், அடிக்குப் போய் அழுத்தினால் வெடிகுண்டு என்று வைத்தார்கள். ஸ்டார் ரைடர்ஸ் 1982இல் 2600க்கு வந்தபோது 12 விசை உள்ள தனிப் பலகையையே கூடக் கொடுத்தார்கள். எலைட்டின் என்இஎஸ் பதிப்பு திரையின் அடியில் ஐகான் வரிசை வைத்து விசைகளை அதற்குள் அடக்கியது. வரைபடம், கடை எல்லாம் உள்ள விளையாட்டுக்கு ஐகான் சரி, வெறும் சண்டைக்கு நடுவில் ஐகானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இப்போதைக்கு ஏ பொத்தான் சுடுவதற்கு, செலக்ட் ஏவுகணைக்கு, பியைப் பிடித்துக்கொண்டு மேலே கீழே அழுத்தினால் வேகம். இதில் ஒரு சிக்கல், வேகத்தை மாற்றும்போது மூக்கைத் தூக்க முடியாது. திரும்பிக்கொண்டே வேகத்தைக் குறைத்து எதிரியின் பின்னால் போய் ஒட்டிக்கொள்வது என் பழைய வழக்கம், அது போய்விட்டது. பியை இரண்டு முறை தட்டினால் பாதி வேகம் என்று வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். அது சரிவந்தால் பின்பக்கக் காட்சியை எங்கே வைப்பது என்பது பாக்கி.

சூப்பர் நிண்டெண்டோவில் எல், ஆர் இரண்டும் இருக்கிறதே, வேகத்தை அங்கே வைத்தால் என்ன என்று நேற்றே மனசு தாவ ஆரம்பித்துவிட்டது, அதன் டிஎம்ஏ பற்றிக்கூடப் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் வெடிப்புச் சத்தம் போடவில்லை, ஏவுகணை ஏவினால் கோடு வருகிறது, எதிரியைத் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. இந்த வாரம் அதைத்தான் எடுக்கப் போகிறேன். வெடிப்புத் துண்டுகளுக்குக் கோடு வேண்டாம், ஸ்பிரைட் போதும், டைல் கணக்கில் ஒன்றும் கூடாது.